பூபாளி என்றால் மோகனம்தானே? இந்துஸ்தானி கேட்பது பற்றி ஓர் இழை

கேள்வி: 3.6.2023

சின்ன வயதிலிருந்து கர்நாடக சங்கீதம் கேட்கிறேன். ராகம் கண்டுபிடிப்பதில் பெரிய சிரமம் இல்லை. இந்துஸ்தானி பக்கம் போனால் மட்டும் பத்து நிமிஷத்தில் அணைத்துவிடுகிறேன். இரண்டு வரிப் பாட்டு, அதை முக்கால் மணி நேரம் இழுக்கிறார்கள். அவர்களுடைய ராகத்துக்கு நம்மில் எது சமம் என்று ஓர் அட்டவணை கையில் இருந்தால் பிடிபட்டுவிடும் என்று நினைக்கிறேன். யாரிடமாவது முழுதாக இருக்கிறதா?

4.6.2023

அட்டவணை என்னிடம் இருக்கிறது. இப்போதைக்குத் தரப்போவதில்லை.

பூபாளிக்கு எதிரே மோகனம் என்று போட்டிருக்கும். ஸ ரி க ப த, ஐந்தும் அதே ஸ்தானங்கள், ஆட்சேபணை இல்லை. ஆனால் தேஷ்கார் என்று ஒரு ராகம் இருக்கிறது. அதற்கும் இதே ஐந்துதான். அதன் எதிரேயும் மோகனம் என்றே போட வேண்டியிருக்கும். அங்கே பாடுகிறவர்களுக்கோ இரண்டுக்கும் சம்பந்தமே கிடையாது. பூபாளியில் காந்தாரம் ஆள்கிறது. சஞ்சாரம் பெரும்பாலும் ஸ்தாயியின் கீழ்ப்பாதியில். விளக்கு வைத்த பிறகு பாடுவது. தேஷ்காரில் தைவதம் ஆள்கிறது, ரிஷபத்தைப் பட்டும் படாமலும் கடந்துபோவார்கள், பாட்டு மேல்பாதியிலேயே குடியிருக்கும். அது காலை ராகம். பூபாளி பாடும்போது தைவதத்தில் தேவைக்கு மேல் நின்றுவிட்டால் தேஷ்கார் எட்டிப்பார்த்துவிடும். அந்த எல்லையைக் காப்பாற்றுவதில்தான் வித்தை.

ஹம்ஸானந்தி விஷயம் இதைவிடச் சிக்கல். பஞ்சமம் இல்லாத அந்த ஆறு ஸ்வரங்களுக்கு அங்கே மூன்று ராகங்கள்: மார்வா, பூரியா, சோஹனி. மார்வாவில் ரிஷபமும் தைவதமும், பூரியாவில் காந்தாரமும் நிஷாதமும். பூரியா கீழ் ஸ்தாயியில் இறங்கி இறங்கிப் போகும், சோஹனி மேல் ஷட்ஜத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும். மார்வாவும் பூரியாவும் அந்தி, சோஹனி இரவின் கடைசிப் பகுதி. அட்டவணையை நம்பிப் போனால் மூன்றிலும் உங்களுக்கு ஹம்ஸானந்திதான் கேட்கும். அதிலும் அரைகுறை ஹம்ஸானந்தி. ஏமாற்றம் அங்கிருந்துதான் வருகிறது.

பெயர்கள் வேறு குழப்பும். அவர்களுடைய பைரவியின் ஸ்வரங்கள் நம்முடைய தோடி. அவர்களுடைய தோடியின் ஸ்வரங்கள் நம்முடைய சுபபந்துவராளி. நம் ஹிந்தோளத்தின் ஸ்வரங்கள் அவர்களிடம் மால்கௌன்ஸ். ஹிந்தோல் என்று அவர்கள் சொல்வது பிரதிமத்யமமும் அந்தர காந்தாரமும் உள்ள முற்றிலும் வேறு ராகம்.

4.6.2023, இரவு

மார்வா என்றதும் நினைவுக்கு வந்தது. வேலை நிமித்தம் ஹூப்ளியில் இருந்த நாட்களில் பக்கத்து வீட்டில் ஒரு பெரியவர், தபலா சொல்லிக்கொடுத்து ஓய்ந்தவர். இந்துஸ்தானிப் பாடகர் அமீர் கானின் மார்வா இசைத்தட்டை எனக்குப் போட்டுக் காட்டியவர் அவர்தான். ராகத்தின் பெயரைக்கூட முன்னால் சொல்லவில்லை. "ஷட்ஜம் எப்போது வருகிறது என்று மட்டும் பார்" என்றார். நான் பார்த்தேன். வரவே இல்லை. ரிஷபத்தில் நிற்கிறார், தைவதத்தில் நிற்கிறார், நிஷாதத்திலிருந்து ஷட்ஜத்தைத் தாண்டி ரிஷபத்துக்கே போய்விடுகிறார். பின்னால் தம்பூரா ஷட்ஜத்தைச் சொல்லிக்கொண்டே இருக்கிறது, பாடுகிறவர் அதை மறுத்துக்கொண்டே இருக்கிறார். கடைசியில் வந்து உட்கார்ந்தபோது அந்த ஒரு ஸ்வரத்துக்காக எவ்வளவு நேரம் தவித்துக்கொண்டிருந்தேன் என்பது புரிந்தது.

நான் அதுவரை பத்து வருஷத்துக்கு மேல் கர்நாடக சங்கீதம் கேட்டிருந்தவன். ஷட்ஜத்துக்காகக் காத்திருக்க வைக்க முடியும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

6.6.2023

"இரண்டு வரிப் பாட்டு" என்ற புகாருக்கு வருகிறேன்.

நமக்குக் கீர்த்தனை என்பது கட்டி முடித்த கோயில். பல்லவி, அனுபல்லவி, சரணம், ஒவ்வொன்றிலும் அடுக்கி வைத்த சங்கதிகள். தியாகையர் செய்துவைத்துப் போனதில் பாதி வேலை முடிந்துவிட்டது. அவர்களுடைய கச்சேரியின் முக்கியப் பாட்டு வகை கயால். அதன் பந்திஷ், நீங்கள் சொல்லும் இரண்டு வரிப் பாட்டு, அப்படிப்பட்டதே அல்ல. ஸ்தாயி என்று ஒரு பகுதி (மேல் ஸ்தாயி, கீழ் ஸ்தாயி என்று நாம் சொல்வது அல்ல), அந்தரா என்று ஒரு பகுதி. ஸ்தாயி கீழேயும் நடுவிலும், அந்தரா மேல் ஷட்ஜத்தை நோக்கி. அதன் வேலை ராகத்தின் முகத்தைச் சுருக்கமாகக் காட்டி, தாளத்தில் ஸம், அதாவது ஆவர்த்தனத்தின் முதல் அடி, எங்கே விழுகிறது என்று நிறுத்திவிடுவது. மற்றதெல்லாம் பாடுகிறவர் அன்றைக்குச் செய்ய வேண்டியது.

நிரவலை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு வரியை எடுத்து, எடுப்பு மாறாமல், சொற்களை ராகத்துக்குள் பரப்பிப் பரப்பி ஒவ்வொரு சுற்றும் அதே இடத்தில் கொண்டுவந்து சேர்ப்பது. கச்சேரியில் அது பத்து நிமிஷம் வந்தால் கொண்டாடுகிறோம். மெதுவாக விரியும் படா கயாலில் அதுதான் முழு விஷயமும். கீழ் ஸ்வரங்களிலிருந்து தொடங்கி ஒவ்வொரு ஸ்வரமாகத் திறந்துகொண்டு போவார்கள். காந்தாரத்தைத் திறந்துவிட்டால் அடுத்த சில ஆவர்த்தனங்கள் காந்தாரத்தைச் சுற்றித்தான். பஞ்சமம் இன்னும் வரவில்லை என்றால் அது மறந்துபோய் அல்ல. மேல் ஷட்ஜம் வரும்போது அந்தரா வரும், சபையில் ஒரு அசைவு தெரியும். பிறகு வேகம் கூடும், தான்கள் என்ற வேகமான ஸ்வரக் கோவைகள் வரும், துரித லயத்தில் ஒரு சோட்டா கயால் பாடி முடிப்பார்கள்.

பத்து நிமிஷத்தில் அணைத்துவிடுகிறேன் என்கிறீர்கள். பத்தாவது நிமிஷத்தில் பல நேரம் மத்யமம்கூட வந்திருக்காது.

6.6.2023

ஸம் பற்றி. விலம்பித், அதாவது மெதுவான, ஏக்தாளம் பன்னிரண்டு மாத்திரை. மிக மெதுவாகப் பாடினால் ஒரு ஆவர்த்தனம் முடிய ஒரு நிமிஷம்கூட ஆகும். தொடையில் தட்டி எண்ணிக்கொண்டிருந்தால் களைத்துப்போவீர்கள், எண்ணாதீர்கள். தபலாவைக் கேளுங்கள். அங்கே தபலாக்காரர் தேகாவை, அதாவது தாளத்தின் நிலையான சொற்கட்டை, விடாமல் வாசித்துக்கொண்டே இருப்பார், நம் மிருதங்கக்காரர் போலப் பாட்டோடு கூடவே பின்னிப்போவதில்லை. ஏக்தாளத்தின் தேகா: தின் தின் தாகே திரகிட, தூ நா கத் தா, தாகே திரகிட தீ நா. "திரகிட" என்ற அந்த உருளல் நாலாவதிலும் பத்தாவதிலும் வரும். முதல் திரகிடவுக்குப் பின் "தூ நா" என்று அடி மெலியும். இரண்டாவது திரகிடவுக்குப் பின் இரண்டே மாத்திரை, அடுத்தது ஸம். பாடுகிறவர் பந்திஷின் முதல் சொற்களை, முக்டா என்பார்கள், பெரும்பாலும் அந்த இடத்தில்தான் எடுப்பார்.

இதை எனக்குச் சொன்னதும் அதே ஹூப்ளிப் பெரியவர்தான். இரண்டாவது திரகிட வந்ததும் என் தோளில் தட்டுவார். சில நாட்களில் அவர் தட்டுவதற்கு முன்பே தோள் தயாராகிவிட்டது.

9.6.2023

கேட்டவர் மறுபடி எழுதியிருக்கிறார்: "இவ்வளவு மெதுவாக எப்போதுமே பாடினார்களா?"

இல்லை. குவாலியர் கரானாவில் நடுத்தர வேகம்தான் (கரானா என்றால் ஒரு குருவழியின் பாடும் பாணி). இந்த அதி விலம்பித் பெருமளவுக்கு கிரானா கரானாவைச் சேர்ந்த அப்துல் வஹீத் கான் வழியாக வந்தது. காது சரியாகக் கேட்காதவர் என்பதால் பெஹரே வஹீத் கான் என்றே பெயர். ஜூம்ரா தாளம், பதினாலு மாத்திரை, அதை நீட்டி நீட்டி ஸ்வரம் ஸ்வரமாக விரிப்பார். அமீர் கான் அவரைக் கேட்டுக் கேட்டுத் தன் பாணியை அமைத்துக்கொண்டார். ஆகவே நீங்கள் "இந்துஸ்தானி" என்று நினைத்து அலுத்துக்கொண்டது இருபதாம் நூற்றாண்டில் உருவான ஒரு வழியை. மெதுவாக வேண்டாம் என்றால் குவாலியரில் தொடங்கலாம், ஜெய்ப்பூர் அத்ரௌலி கரானாவுக்குப் போகலாம். அந்தக் கரானாவின் மல்லிகார்ஜுன் மன்சூர் பாடினால் ஒரு ஸ்வரத்தில் குந்தி உட்காரவே மாட்டார். எடுத்த எடுப்பிலேயே தாளத்தோடு கைகோத்துக்கொண்டு வளைந்து வளைந்து போவார். அவர் முதலில் கற்றதும் கர்நாடக சங்கீதம்தான், பிறகுதான் மஹாராஷ்டிரத்து மிரஜுக்குப் போய் இந்துஸ்தானி.

11.6.2023

கிரானா என்று ஆரம்பித்துவிட்டதால் இதைச் சொல்லாமல் போக முடியாது. நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று தெரியவில்லை: கிரானா கரானாவின் தலைமகன் அப்துல் கரீம் கான் உயிர்விட்டது சிங்கப்பெருமாள் கோயில் ரயில் நிலையத்தில். ஆமாம், செங்கல்பட்டுக்கு முன்னால் இருக்கும் அதே சிங்கப்பெருமாள் கோயில். 1937 அக்டோபரில் சென்னையில் பாடிவிட்டுப் பாண்டிச்சேரிக்கு ரயிலில் போய்க்கொண்டிருந்தார். வழியில் நெஞ்சு சரியில்லை. அந்தச் சின்ன நிலையத்தில் இறங்கினார். பிளாட்பாரத்தில் படுக்கை விரிக்கச் சொல்லி, தம்பூராவைச் சுருதி சேர்க்கச் சொல்லி, தர்பாரி கானடாவில் தொழுகைச் சொற்களைப் பாடியபடியே போய்விட்டார் என்று அவருடைய சீடர் வழியில் சொல்கிறார்கள். உடலை மிரஜுக்குக் கொண்டுபோய் அங்கே தர்காவில் அடக்கம் செய்தார்கள். அங்கே வருஷா வருஷம் அவர் நினைவில் பாடுகிறார்கள்.

அவர் பிறந்தது 1872ல், இன்றைய உத்தரப் பிரதேசத்தின் கைரானாவில். ஊர்ப் பெயர்தான் கரானாவின் பெயர். அங்கிருந்து பரோடா, பூனா, மிரஜ், மைசூர் அரண்மனை என்று தெற்கே தெற்கே வந்தவர். மைசூரில் நம் வித்வான்களை விரும்பிக் கேட்டார். கயாலில் அவர் ஸ்வரம் பாடுவதை நம் கல்பனாஸ்வரத்திலிருந்துதான் எடுத்துக்கொண்டார் என்பது அந்த வட்டாரத்தில் எல்லாரும் ஒப்புக்கொள்வது. வடக்கே அன்றைக்கு இப்படி ஸ்வரம் பாடுவதை ஏற்காதவர்களும் இருந்தார்கள்.

நான் அந்த நிலையத்தில் இறங்கிப் பார்த்திருக்கிறேன். மின்சார ரயிலுக்குக் காத்திருக்கும் கூட்டம், அவ்வளவுதான். ஒரு சின்னக் கல்வெட்டாவது அங்கே வைக்க வேண்டும் என்று உண்மையாகவே ஆசைப்படுகிறேன். தியாகையர் கிருதியை இசைத்தட்டில் பாடிய ஒரு முஸ்லிம் உஸ்தாத் நம் மண்ணில் கண்மூடியிருக்கிறார். அது நம் சங்கீத சரித்திரத்திலும் ஒரு பக்கம்.

14.6.2023

ஒருவர் கேட்டார்: கன்னட நாட்டில் எப்படி இத்தனை இந்துஸ்தானிப் பாடகர்கள்?

மேலே சொன்ன பாதைதான் பெரிய காரணம். மிரஜுக்கும் மைசூருக்கும் நடுவில் ஹூப்ளி, தார்வாட். அப்துல் கரீம் கான் போகும்போதும் வரும்போதும் அங்கே தங்குவார், பாடுவார், சொல்லிக்கொடுப்பார். குந்த்கோல் ஊர்க்காரரான ராம்பாவு அவரிடம் கற்று சவாய் கந்தர்வர் ஆனார். சவாய் கந்தர்வரிடம் கங்கூபாய் ஹங்கல், பீம்சென் ஜோஷி, பிரோஸ் தஸ்தூர். அந்தப் பகுதி அப்போது பம்பாய் மாகாணத்தில் இருந்தது, மராத்தி நாடகக் கம்பெனிகள் வந்துபோய்க்கொண்டிருந்தன, அந்த நாடகப் பாட்டுகள் ராகத்தில் ஊறியவை. காது ஏற்கெனவே தயாராக இருந்த ஊர்.

கங்கூபாயின் தாயார் அம்பாபாய் கர்நாடக சங்கீதம் பாடியவர். மகளுடைய இந்துஸ்தானிப் பயிற்சி கலைந்துவிடக் கூடாது என்று தன் பாட்டையே நிறுத்திக்கொண்டார். மகள் ஹூப்ளியிலிருந்து குந்த்கோலுக்கு ரயிலில் போய்ப் பாடம் கற்றார். பிறகு தொண்டையில் ஒரு சிகிச்சை, அதற்கப்புறம் குரல் கனத்து ஆண்குரல் போல ஆனது. முதல்முறை கேட்பவர் பெண் பாடுகிறார் என்று நம்பமாட்டார். அந்தக் குரலில் அவர் பாடும் சுத்த கல்யாணைக் கேட்டுப் பாருங்கள். அம்பாபாயின் பாட்டு எந்தத் தட்டிலும் என் காதுக்குக் கிடைத்ததில்லை. கங்கூபாயைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த நிறுத்திக்கொண்ட குரலும் கூடவே ஞாபகம் வருகிறது.

20.6.2023

அட்டவணை தரமாட்டேன் என்று 4ஆம் தேதி எழுதியதை யோசித்துக்கொண்டே இருந்தேன். அந்த அட்டவணைக்கே நம் பக்கத்தில் ஒரு வேர் இருக்கிறது, அதை மறைத்துவைப்பது நியாயமில்லை.

விஷ்ணு நாராயண் பாத்கண்டே. பம்பாய் வக்கீல். 1904ல் தெற்கே பயணம் வந்தார், எட்டயபுரத்தில் சுப்பராம தீட்சிதரைச் சந்தித்தார். சுப்பராம தீட்சிதரின் "சங்கீத சம்பிரதாய பிரதர்சினி" அச்சான வருஷமும் அதுதான். வேங்கடமகியின் "சதுர்தண்டி பிரகாசிகை" பாத்கண்டேயின் கைக்கு வந்து சேர்ந்தது இந்தத் தெற்கத்தித் தேடலில்தான். அதில் உள்ள 72 மேளம் என்ற தாய்ராக ஏற்பாட்டைப் பார்த்த பிறகுதான் வடக்கின் ராகங்களைப் பத்து தாட்டுகளில், அதாவது பத்துத் தாய் ஸ்வர வரிசைகளில், அடக்கலாம் என்ற அவருடைய ஏற்பாடு உருவானது. பிலாவல், கல்யாண், கமாஜ், பைரவ், பூர்வி, மார்வா, காபி, ஆசாவரி, பைரவி, தோடி. தஞ்சாவூரில் பதினேழாம் நூற்றாண்டில் எழுதப்பட்ட நூல் எட்டயபுரம் வழியாகப் பம்பாய் போய், இன்றைக்கு லக்னோவிலும் புனேயிலும் பிள்ளைகள் படிக்கும் பாடத்திட்டத்துக்குள் இருக்கிறது.

இன்னொன்று. பூபாளியில் மத்யமமும் இல்லை, நிஷாதமும் இல்லை. தேஷ்காரிலும் அப்படியே. ஸ்வரத்தை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒரே தாட்டில் விழ வேண்டும். பாத்கண்டே பூபாளியைக் கல்யாணிலும் தேஷ்காரைப் பிலாவலிலும் வைத்தார். பாட்டைக் கேட்டுத்தான் வைத்திருக்கிறார். அட்டவணை போட்டவரே அட்டவணைக்கு முன்னால் காதை நம்பியிருக்கிறார் என்றால் எனக்கும் ஆட்சேபணை இல்லை. கீழே போடுகிறேன். ஒரே ஒரு நிபந்தனை, ஸ்வரங்களுக்கு மட்டும்தான் இது.

பிலாவல், சங்கராபரணம். கல்யாண், கல்யாணி. கமாஜ், ஹரிகாம்போதி. பைரவ், மாயாமாளவகௌளை. பூர்வி, காமவர்தனி. மார்வா, கமனாச்ரம. காபி, கரஹரப்ரியா. ஆசாவரி, நடபைரவி. பைரவி, தோடி. தோடி, சுபபந்துவராளி.

21.6.2023

காமவர்தனி பந்துவராளியா என்று கேட்டவருக்கு: ஆம், கச்சேரியில் பந்துவராளி என்று சொல்கிறோமே, அதே 51ஆவது மேளம்.

2.7.2023

சாஹித்யம் இல்லாத பாட்டு நெஞ்சைத் தொடுமா என்று ஒருவர் கோபமாகவே எழுதியிருக்கிறார். கோபம் புரிகிறது. சொல்லுக்காகப் பாட்டுக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம்.

கயாலில் சொல் கரைந்துபோகிறது என்பது உண்மை. முகம்மது ஷா ரங்கீலாவின் தில்லி தர்பாரில் இருந்த நியாமத் கான், சதாரங் என்ற முத்திரையோடு கட்டிய பந்திஷ்கள் இன்றும் பாடப்படுகின்றன. பல பாட்டுகளில் மாமியாரும் நாத்தனாரும் வருகிறார்கள், காதலன் வரவில்லை என்ற ஏக்கம் வருகிறது. சொல்லில் ஆழம் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. ஆனால் அந்தச் சொல்லின் உயிரெழுத்து ஒரு ஸ்வரத்தைத் தாங்கி நிற்பதைக் கேளுங்கள். "பியா" என்பதில் உள்ள "ஆ"வை அப்துல் கரீம் கான் எப்படி நீட்டுகிறார், எங்கே மெலிய விடுகிறார்? அவருடைய ஜிஞ்சோட்டி ராகத் தும்ரி ஒன்று (தும்ரி கயாலைவிட இலகுவான பாட்டு வகை), மூன்று நிமிஷச் சொச்சம் ஓடும் பழைய தட்டு. பீம்சென் ஜோஷி சின்னப் பையனாக அதைக் கேட்டுத்தான் இப்படிப் பாட வேண்டும் என்று வீட்டைவிட்டு ஓடினார். சொல்லுக்காக ஓடவில்லை.

கிரானாக்காரர்கள் பலர் சாரங்கி என்ற வில் வாத்தியம் வாசித்த குடும்பத்தவர். அந்தக் குரலில் சாரங்கி இருக்கிறது: ஸ்வரத்திலிருந்து ஸ்வரத்துக்குத் தாவாமல் வழுக்கிப் போகும் மீண்ட். தாசிகளின் பாட்டுக்குப் பக்கம் வாசித்த வாத்தியம் என்று சாரங்கியைத் தாழ்த்திப் பேசிய காலம் உண்டு. ஹார்மோனியம் வந்து அதன் இடத்தைப் பெரும்பாலும் பிடித்துக்கொண்டது. எனக்கு அது நிஜமான இழப்பு. ஹார்மோனியத்தால் மீண்டைத் தொடர முடியாது. பாடுகிறவர் வழுக்கிப் போகிறார், பெட்டி படிக்கட்டில் ஏறுகிறது.

சொல் வேண்டுமென்றே பிடிவாதம் இருந்தால் குமார் கந்தர்வர் பாடிய கபீரைக் கேளுங்கள். காசநோயில் ஒரு நுரையீரல் போய், பாடவே கூடாது என்று பல வருஷம் படுத்துக்கிடந்து எழுந்தவர். நீண்ட மூச்சு இல்லாததால் சின்னச் சின்ன வீச்சாகப் பாடினார். ஒவ்வொரு சொல்லும் தெளிவாக விழும்.

15.7.2023

அப்துல் கரீம் கான் தியாகையரைப் பாடினாரா, சும்மா சொல்கிறீர்களா என்று இரண்டு பேர். "ராமா நீ ஸமானமெவரு", கரஹரப்ரியா. இணையத்தில் தேடினால் கிடைக்கும்.

கேட்டுவிட்டு ஒருவர், "இது கரஹரப்ரியாவே இல்லை, நம் கமகம் எங்கே?" என்று எழுதியிருக்கிறார். ரிஷபமும் காந்தாரமும் நம்மைப் போல அசையவில்லைதான். தெலுங்கு உச்சரிப்பும் தடுமாறுகிறது. ஆனால் ஒரு கேள்வி: அவர் சுருதியில் எங்காவது ஒரு நூலிழை விலகுகிறாரா? அந்த ஸ்வரங்களை நிறுத்தி வைக்கும் இடத்தில் நான் கேட்பது கயாலும் அல்ல, நம் கச்சேரியும் அல்ல. வேறொரு ஊர்க்காரர் நம் பாட்டை மதித்து, தன் குரலை மாற்றிக்கொள்ளாமல் பாடுகிறார். நம் வித்வான்கள் சிந்துபைரவியும் தேஷும் பெஹாகும் பாடும்போது அங்குள்ளவர்களுக்கு இப்படித்தான் இருக்கும். முத்துஸ்வாமி தீட்சிதர் காசியில் இருந்துவிட்டு வந்து யமுனா கல்யாணியில் கிருதி செய்தபோது அதில் எவ்வளவு அவர்களுடைய யமன், எவ்வளவு நம்முடையது என்று பிரித்துப் பார்க்கவா முடிகிறது? எதிர்த்திசையில் ஹம்ஸத்வனி போயிருக்கிறது. ராமஸ்வாமி தீட்சிதர் உண்டாக்கியதாகச் சொல்லும் ராகம், பேண்டிபஜார் கரானாவின் அமான் அலி கான் அதில் பந்திஷ் கட்டினார், அமீர் கானும் பாடினார். ஆபோகி, கீரவாணி, சாருகேசி எல்லாம் அங்கே இன்று சொந்த ராகங்கள்.

ஹம்ஸத்வனியை இரண்டு பக்கமும் அடுத்தடுத்துக் கேளுங்கள். ஒரே ராகத்தை அவர்கள் எங்கே நிறுத்துகிறார்கள், நாம் எங்கே அசைக்கிறோம் என்பது அதில் எளிதாகத் தெரியும். மார்வாவை அதற்கப்புறம் எடுங்கள்.

16.7.2023

தம்பூரா செயலியில் மார்வாவுக்கு எதை வைப்பது என்று கேட்டவருக்கு: முதல் தந்தியைப் பஞ்சமத்தில் வைக்காதீர்கள், ராகத்திலேயே பஞ்சமம் கிடையாது. நிஷாதத்தில் வையுங்கள். மால்கௌன்ஸுக்கு மத்யமம். செயலியில் சத்தத்தைக் குறைத்து வைத்தால் போதும். கிடைத்தால் மிரஜில் செய்த நிஜத் தம்பூரா ஒன்றின் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வாருங்கள். குதிரையில் தந்திக்கு அடியில் இருக்கும் நூலை ஒரு மயிரிழை நகர்த்தினால் ஒலி எப்படித் திறந்துகொள்கிறது என்பதைச் செயலி காட்டாது.